அந்தப் பக்கம் யாருக்குச் சொந்தம்? அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ் ஓவியர்களின் கதை

இது இந்த வார எபிசோடோட எழுத்து வடிவம். பேசினதை அப்படியே தட்டாம, கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கேன். நான் சொன்ன நாற்பது 'அதாவது'ல முப்பத்தஞ்சைத் தூக்கியாச்சு. மீதி அஞ்சு எனக்காக.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ, சித்தப்பா பரண்மேல இருந்து ஒரு தகரப் பெட்டியை இறக்கினார். உள்ளே முழுக்க முத்து காமிக்ஸ். மேலாக இருந்தது இரும்புக்கை மாயாவி. 1972ல் சிவகாசியில முத்து காமிக்ஸ் தொடங்கினப்போ முதல்ல வந்த கதையே அதுதான். உடம்புல மின்சாரம் பாய்ஞ்சா ஆள் மறைஞ்சுடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்துல தெரியும். சித்தப்பாவுக்குக் கதை முழுக்க மனப்பாடம்.

"சித்தப்பா, இதை யாரு வரைஞ்சது?"

"மாயாவிடா அது."

"அது கதாபாத்திரம். படம் போட்டது யாரு?"

அட்டையைத் திருப்பினார். முதல் பக்கம் பார்த்தார், கடைசிப் பக்கம் பார்த்தார். "இத்தனை வருஷமா வெச்சிருக்கேன். இதைக் கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லையேடா" என்றார்.

தேடிப் பார்த்தேன். ஹெசூஸ் பிளாஸ்கோ. பார்சிலோனாக்காரர். 1962ல் லண்டன் வாரப் பத்திரிகை 'வேலியன்ட்'டுக்காக 'ஸ்டீல் க்ளா'ன்னு வரைஞ்ச தொடர் அது. அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வாரக் காமிக்ஸ்ல ஓவியர் பெயரைப் போடும் வழக்கமே கிடையாது. படத்துல கையெழுத்துப் போட்டாலும் வெள்ளை மை தடவி அழிச்சிடுவாங்க. பெயர் தெரிஞ்சா வாசகன் அவரைத் தேடுவான், போட்டிப் பத்திரிகை கூப்பிடும், கூலி ஏறும். 1977ல் '2000 ஏடி' பத்திரிகை வந்த பிறகுதான் அங்கே பெயர் போடுற பழக்கம் ஆரம்பிச்சது. மூலத்துலயே இல்லாத பெயர் சித்தப்பாவோட தகரப் பெட்டிக்குள்ள எப்படி வரும்?

இதே வாரம் என் மெயில்ல ஒரு புது வேலை ஒப்பந்தம் காத்துக்கிட்டு இருந்தது. பதினோராம் பக்கத்துல ஒரு பத்தி. வேலையில் இருக்கும் காலத்தில், எந்த நேரத்தில், எந்தக் கருவியில் நான் எதை உருவாக்கினாலும் அது நிறுவனத்துக்கே சொந்தம். 'எந்த நேரத்தில்'ங்கறதுதான் உறுத்துச்சு. இந்த பாட்காஸ்ட்ல வர்ற தேவையில்லாத மௌனத்தை வெட்டுறதுக்கு நானே ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி வெச்சிருக்கேன். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி, என் சொந்த லேப்டாப்ல எழுதினது. இனிமே அது யாரோடது? அதை விடுங்க, இந்த எபிசோடே யாரோடது?

அந்தப் பத்தியைப் படிச்சப்போதான், ரொம்ப நாளா பேசணும்னு வெச்சிருந்த இந்த விஷயத்தை இப்போவே பேசிடலாம்னு தோணுச்சு. 1960களின் கடைசியில் அமெரிக்காவுல வந்த அண்டர்கிரவுண்ட் காமிக்ஸ். அதைப் பத்தி யார் பேசினாலும் போதை, ஆபாசம், ஹிப்பின்னுதான் ஆரம்பிப்பாங்க. அதெல்லாம் இருந்தது உண்மை. ஆனா அந்த ஓவியர்கள் நிஜமா மாத்தினது வேற ஒண்ணு: வரைஞ்ச பக்கம் யாருக்குச் சொந்தம்ங்கற கணக்கு. அந்தக் கணக்கு மாறினதாலதான், அதுவரைக்கும் யாரும் காமிக்ஸ்ல சொல்லாத கதையைச் சொல்ல முடிஞ்சது.

130 டாலர் காசோலை

முதல்ல பழைய கணக்கைப் பார்ப்போம். 1938. கிளீவ்லாண்ட் நகரத்து இளைஞர்கள் ரெண்டு பேர். ஜெர்ரி சீகல் எழுதுவார், ஜோ ஷஸ்டர் வரைவார். அவங்களோட 13 பக்கக் கதைக்குப் பதிப்பகம் கொடுத்த காசோலை 130 டாலர். பக்கத்துக்குப் பத்து டாலர். அந்தப் பணத்தோட சேர்ந்து கதாபாத்திரத்தோட முழு உரிமையும் கைமாறிடுச்சு. கதாபாத்திரத்தோட பேரு சூப்பர்மேன்.

அதுக்கப்புறம் வழக்கு, வறுமை, மறுபடி வழக்கு. 1975ல், பெரிய சினிமா ஒண்ணு தயாராகிட்டு இருந்த நேரத்துல, பத்திரிகைகள்ல விஷயம் வெடிச்ச பிறகுதான், ஆளுக்கு வருஷம் 20,000 டாலரும் கதையில பெயரும் கொடுக்க நிறுவனம் ஒத்துக்கிச்சு. அப்போ ரெண்டு பேருக்கும் வயசு 61.

அமெரிக்கக் காமிக்ஸ் தொழிலே இப்படித்தான் ஓடுச்சு. பக்கத்துக்கு இவ்வளவுன்னு கூலி. மறு அச்சுக்குப் பணம் கிடையாது. சில பதிப்பகங்கள் காசோலையோட பின்பக்கத்துல ஒரு வாசகத்தை முத்திரையா குத்திக் கொடுக்கும்: இதில் கையெழுத்துப் போட்டால் எல்லா உரிமையையும் தந்ததாக அர்த்தம். கையெழுத்துப் போடாம காசோலையை மாத்த முடியாது. வாடகை கட்டணும்னா உரிமையை விட்டுக் கொடுக்கணும். நாம ஆப் இன்ஸ்டால் பண்ணும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' பட்டனை அமுக்குறோம் இல்லையா, அதோட தாத்தா இதுதான்.

வரைஞ்ச மூலப் பக்கமும் ஓவியர் கைக்குத் திரும்ப வராது. மார்வெலோட பெரும்பாலான முக்கிய நாயகர்களை உருவாக்கினதுல பங்கு உள்ள ஜாக் கிர்பியே, தன் கையால வரைஞ்ச பக்கங்களைத் திரும்பக் கேட்டு 1980கள்ல போராட வேண்டியிருந்தது. கடைசியில வந்தது ஒரு பகுதிதான்.

பத்திரிகைங்கற ஓட்டை

1954ல் இன்னொரு அடி விழுந்தது. காமிக்ஸ் படிச்சுத்தான் பிள்ளைகள் கெட்டுப் போறாங்கன்னு ஃப்ரெட்ரிக் வெர்தாம்ங்கற மனநல மருத்துவர் ஒரு புத்தகம் எழுதினார். அமெரிக்க செனட்டோட துணைக்குழு நியூயார்க்ல விசாரணை நடத்துச்சு. திகில் கதைகள் வெளியிட்ட ஈசி காமிக்ஸோட முதலாளி வில்லியம் கெய்ன்ஸ் அங்கே போய் சாட்சி சொல்லி, நல்லா மாட்டிக்கிட்டார். அரசாங்கம் தடை போடுறதுக்கு முன்னாடி நாமளே போட்டுக்குவோம்னு பதிப்பகங்கள் சேர்ந்து 'காமிக்ஸ் கோட்' விதிகளை எழுதிச்சு. தலைப்புல 'திகில்'னு வரக்கூடாது. ரத்தக்காட்டேரி வரக்கூடாது. போலீஸ், நீதிபதி மேல மரியாதை குறையற மாதிரி எதுவும் வரக்கூடாது. சட்டப்படி இது கட்டாயமில்லை. ஆனா அட்டையில அந்த முத்திரை இல்லாட்டி மொத்த வியாபாரி கட்டைப் பிரிக்கவே மாட்டார்.

இதுல ஒரு ஓட்டை இருந்தது. விதி காமிக்ஸ் புத்தகத்துக்கு மட்டும்தான், பத்திரிகைக்கு இல்லை. 1952ல் ஹார்வி கர்ட்ஸ்மன் தொடங்கின 'மேட்' காமிக்ஸ் 1955ல் பெரிய அளவுப் பத்திரிகையா மாறுச்சு. நல்ல தாள்ல கௌரவமான ஒரு பத்திரிகை நடத்தணும்ங்கறது கர்ட்ஸ்மனோட ஆசை. அந்த மாற்றத்துல தணிக்கை முத்திரையும் தேவையில்லாமப் போச்சு. விளம்பரம், சினிமா, அரசியல், சக காமிக்ஸ்னு எல்லாத்தையும் கிண்டல் பண்ணலாம்.

ஆனா கேலி செய்யும் சுதந்திரம் கிடைச்சதே தவிர, பத்திரிகை கர்ட்ஸ்மனோடது இல்லை. 1956ல் நிறுவனத்தோட 51 சதவீதப் பங்கைக் கேட்டார். கெய்ன்ஸ் மறுத்தார். கர்ட்ஸ்மன் வெளியேறினார். அடுத்து 'ட்ரம்ப்'னு ஒரு பத்திரிகை, 'பிளேபாய்' ஹியூ ஹெஃப்னரோட பணத்துல. ரெண்டே இதழ். அதுக்கடுத்தது எனக்கு ரொம்பப் பிடிச்சது: 'ஹம்பக்', 1957. ஓவியர்களே கைக்காசு போட்டு, அவங்களே முதலாளியா இருந்து நடத்தின பத்திரிகை. 11 இதழோட நின்னுபோச்சு. எழுத, வரையத் தெரிஞ்ச மாதிரி வினியோகத்தை நடத்த அவங்களுக்குத் தெரியலை.

தோத்துப் போன அந்தப் பத்திரிகையை ஒரு பையன் விழுந்து விழுந்து படிச்சுக்கிட்டு இருந்தான். 1958ல் தன் அண்ணன் சார்லஸோட சேர்ந்து, 'ஹம்பக்' மாதிரியே 'ஃபூ'ன்னு ஒரு கையடக்க இதழ் தயார் பண்ணி, வீடு வீடா கதவைத் தட்டி விக்கப் பார்த்தான். பெருசா எதுவும் விக்கலை. அந்தப் பையன் ராபர்ட் க்ரம்ப்.

கர்ட்ஸ்மனோட கடைசிப் பத்திரிகை 'ஹெல்ப்!', 1960ல் இருந்து 1965 வரைக்கும். க்ரம்ப், கில்பர்ட் ஷெல்டன், ஜே லிஞ்ச்னு பின்னாடி அண்டர்கிரவுண்டைக் கட்டி எழுப்பின பலரோட படங்கள் அதுல வந்தது. மான்டி பைதான் குழுவோட டெர்ரி கில்லியம் அங்கேதான் உதவி ஆசிரியர். க்ரம்ப் அங்கே வேலைக்குன்னு நியூயார்க் வந்து இறங்கினப்போ பத்திரிகை மூடுற நிலைமையில இருந்தது.

தள்ளுவண்டியில் வந்த 'ஸாப்'

க்ரம்புக்கு அதுக்கு முன்னாடி கிளீவ்லாண்டுல ஒரு வாழ்த்து அட்டை நிறுவனத்துல வேலை. பிறந்தநாள் அட்டைக்குப் பொம்மை வரையணும். 1967 ஜனவரியில அதை விட்டுட்டு சான் பிரான்சிஸ்கோ போனார். 1968 பிப்ரவரியில 'ஸாப் காமிக்ஸ்' முதல் இதழ் வந்தது. ஹெய்ட் தெருவுல, க்ரம்பும் கர்ப்பமா இருந்த அவர் மனைவி டேனாவும் ஒரு குழந்தைத் தள்ளுவண்டியில அடுக்கி வெச்சு வித்தாங்க. விலை 25 சென்ட்.

ப்ரோக்ராம் எழுதுற மக்களுக்கு ஒரு போனஸ் தகவல். க்ரம்ப் முதல்ல வரைஞ்சு முடிச்ச இதழ் இது இல்லை. அந்த மூலப் பக்கங்களை ஒருத்தர் பதிப்பிக்கிறேன்னு வாங்கிட்டுப் போனார், பக்கமும் திரும்பலை, ஆளும் திரும்பலை. நல்லவேளை, ஜெராக்ஸ் நகல் இருந்தது. அதை வெச்சு அப்புறமா வெளியிட்டப்போ கொடுத்த எண் 0. ஆக, ஒண்ணுக்குப் பிறகு பூஜ்யம் வந்த ஒரே வரிசை எனக்குத் தெரிஞ்சு இதுதான். பேக்கப் எடுங்க மக்களே.

சாதாரணக் காமிக்ஸ்ல இருந்து பிரிச்சுக் காட்ட, ஆங்கிலத்துல கடைசி எழுத்தா எக்ஸ் போட்டு எழுத ஆரம்பிச்சாங்க. ஆனா பெரிய வித்தியாசம் எழுத்துல இல்லை, வியாபாரத்துல. எளிமையா மூணு விஷயம்.

ஒண்ணு, காப்புரிமை ஓவியர் பெயர்ல இருக்கும். பதிப்பகம் அச்சடிக்கிற அனுமதியை மட்டும் வாங்குது.

ரெண்டு, ஒவ்வொரு தடவை மறு அச்சாகும்போதும் ஓவியருக்குப் பணம் வரும். பிரின்ட் மின்ட், லாஸ்ட் காஸ்ப் மாதிரியான சின்னப் பதிப்பகங்கள் இந்த முறையில ஓடின. ரிப் ஆஃப் பிரஸை 1969ல் தொடங்கினதே டெக்சஸ்ல இருந்து வந்த நாலு நண்பர்கள், அதுல ஷெல்டனும் ஒருத்தர்.

மூணு, மூலப் பக்கம் ஓவியர் வீட்டுக்குத் திரும்பிடும்.

வினியோகத்துக்கும் வழி கிடைச்சது. ஹம்பக் செத்தது அங்கேதானே? பேப்பர் கடைகள் முத்திரை இல்லாத காமிக்ஸை எடுக்காது, விக்காத பிரதியையும் திருப்பி அனுப்பிடும். ஹிப்பிகளுக்கு போஸ்டர், ஊதுபத்தி, சிகரெட் தாள் விக்கிற 'ஹெட் ஷாப்' கடைகள் அந்த வலைக்கே வெளியில இருந்தன. அவங்க காசு கொடுத்து வாங்குவாங்க, திருப்பி அனுப்ப மாட்டாங்க. முத்திரை, தணிக்கை, மொத்த வியாபாரி எதுவும் குறுக்கே இல்லை.

'ஸாப்'ல க்ரம்போட எஸ். க்ளே வில்சன், ரிக் கிரிஃபின், விக்டர் மொஸ்கோசோ, ஸ்பெயின் ரோட்ரிகஸ், ராபர்ட் வில்லியம்ஸ், ஷெல்டன்னு மொத்தம் ஏழு பேர் சேர்ந்தாங்க. வில்சனோட பக்கங்கள் ரத்தமும் வெறியுமா இருக்கும். அதைப் பார்த்த பிறகுதான், தணிக்கைக்காரன் யாரும் இல்லாதப்போகூட நானே என்னைத் தணிக்கை பண்ணிக்கிட்டு இருந்தேன்னு புரிஞ்சதா க்ரம்ப் பின்னாடி நினைவுகூர்ந்திருக்கார்.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

இங்கே கொஞ்சம் நிறுத்தணும். தணிக்கை போனதும் உள்ளிருந்து என்ன வெளிய வந்ததுன்னும் பார்க்கணும் இல்லையா? நல்லது மட்டும் வரலை. க்ரம்போட பல பக்கங்கள்ல பெண்கள் மேல வன்முறை, கறுப்பின மக்களைப் பத்தின கேவலமான கேலிச்சித்திரம் எல்லாம் இருக்கு. என் மண்டைக்குள்ள இருக்கிற அழுக்கைத்தான் காட்டுறேன்ங்கறது அவர் தரப்பு. எனக்கு அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது சிரிப்பு வரலை. அவர் கோடு போடுற திறமையைப் பார்த்து வாய் பிளந்துக்கிட்டே, முகம் சுளிக்க வேண்டியிருக்கு.

இதை அந்தக் காலத்துலயே நேருக்கு நேரா சொன்னவங்க ட்ரீனா ராபின்ஸ். அவங்களும் அதே சான் பிரான்சிஸ்கோல இருந்த ஓவியர். ஆண் நண்பர்கள் ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணி, அடுத்த இதழுக்கு நீ நாலு பக்கம் கொடுன்னு பேசிக்குவாங்க, அந்த போன் எனக்கு மட்டும் வராதுன்னு அவங்க நினைவுகள்ல திரும்பத் திரும்ப வருது. பெண்களை வதைக்கிறதுல என்ன நகைச்சுவைன்னு கேட்டா, உனக்கு நகைச்சுவை உணர்வு இல்லைன்னு பதில்.

அவங்க கண்டுபிடிச்ச வழி? அதே ஆயுதம். பக்கம் யாருக்குச் சொந்தமோ அவங்க சொல்றதுதான் கதைன்னா, நமக்குன்னு ஒரு புத்தகம் போடு. 1970ல் வில்லி மெண்டிஸோட சேர்ந்து 'இட் ஏய்ன்ட் மீ, பேப்' கொண்டு வந்தாங்க. முழுக்கப் பெண்களே உருவாக்கின முதல் அமெரிக்கக் காமிக்ஸ் புத்தகம். அட்டையில ஆலிவ் ஆயில், வொண்டர் உமன் எல்லாம் முஷ்டியை உயர்த்தி ஊர்வலம் போவாங்க. 1972ல் பத்துப் பெண்கள் சேர்ந்து 'விம்மன்ஸ் காமிக்ஸ்' தொடங்கினாங்க. நிரந்தர ஆசிரியர் கிடையாது, முறை வெச்சு மாறும். 1992 வரைக்கும் 17 இதழ் வந்தது.

கதை அங்கேயும் முடியலை. முதல் இதழ்ல ட்ரீனா, தன்பாலீர்ப்பு கொண்ட ஒரு பெண்ணைப் பத்தி கதை வரைஞ்சாங்க. அதைப் படிச்ச மேரி விங்ஸ், இது வெளியில இருந்து எழுதின கதை, எங்க வாழ்க்கை இப்படி இல்லைன்னு, 1973ல் தானே 'கம் அவுட் காமிக்ஸ்'னு ஒரு புத்தகம் வரைஞ்சு வெளியிட்டாங்க. கவனிங்க. க்ரம்ப் மேல இருந்த குறைக்கு ட்ரீனா புத்தகம் போட்டாங்க. ட்ரீனா மேல இருந்த குறைக்கு மேரி புத்தகம் போட்டாங்க. ஓப்பன் சோர்ஸ் உலகத்துல ஒரு ப்ராஜெக்ட் பிடிக்காட்டி அதை ஃபோர்க் பண்ணிட்டுப் போவோமே, கிட்டத்தட்ட அதுதான்.

பிங்கி பிரவுனில் இருந்து 'மவுஸ்' வரை

இப்போ இந்த எபிசோடோட மையத்துக்கு வர்றேன். 1972ல் ஜஸ்டின் கிரீன்ங்கற ஓவியர் 'பிங்கி பிரவுன் மீட்ஸ் தி ஹோலி வர்ஜின் மேரி'ன்னு நாற்பத்துச் சொச்சம் பக்கத்துல ஒரே கதையை வரைஞ்சார். லாஸ்ட் காஸ்ப் வெளியீடு. கத்தோலிக்கக் குடும்பத்துல வளர்ற ஒரு பையன். தன் உடம்புல இருந்து கண்ணுக்குத் தெரியாத பாவக் கதிர்கள் கிளம்பி, தேவாலயத்தையும் மாதா சிலையையும் தாக்கிடும்னு பயம். கை விரலை எந்தத் திசையில நீட்டுறதுன்னுகூட யோசிச்சு யோசிச்சுத் தவிப்பான். அது கிரீனோட சொந்தக் கதை. இன்னைக்கு அதை ஓசிடின்னு சொல்வோம். வரையும்போது அவருக்கு அந்தப் பேரே தெரியாது, கதை மட்டும் தெரியும்.

எந்த நிறுவனத்துக்கு இந்தக் கதையை வித்திருக்க முடியும்? கதாபாத்திரத்தை வேறொரு ஓவியர்கிட்ட கொடுத்து மாசாமாசம் ஓட்ட முடியுமா? பொம்மை போட முடியுமா? பக்கம் தன்னோடதா இருந்தாத்தான் ஒருத்தன் தன்னை அதுல முழுசா வைப்பான். காமிக்ஸ்ல தன்வரலாறுங்கற வகையே இதுல இருந்துதான் பிடிச்சு வளர்ந்ததுன்னு பலரும் சொல்றாங்க.

அந்தப் பக்கங்களைப் பக்கத்துல இருந்து பார்த்தவர் ஆர்ட் ஸ்பீகல்மேன். 'ஃபன்னி அமினல்ஸ்'ங்கற ஒரு இதழுக்குக் கதை கொடுன்னு கிரீன்தான் அவரைச் சேர்த்துவிட்டார். அப்போ ஸ்பீகல்மேன் கொடுத்தது மூணே பக்கம்: நாஜிகள்கிட்ட இருந்து தப்பிப் பிழைச்ச தன் அப்பா, படுக்கை நேரத்துல மகனுக்குச் சொல்ற கதை. யூதர்கள் எலிகள், ஜெர்மானியர்கள் பூனைகள். தலைப்பு 'மவுஸ்'. பிங்கி பிரவுன் இல்லாட்டி மவுஸ் இல்லைன்னு அவரே சொல்லியிருக்கார்.

பெரிய 'மவுஸ்', 1980 டிசம்பர்ல இருந்து, அவரும் மனைவி ஃபிரான்சுவாஸ் மூலியும் சொந்தமா நடத்தின 'ரா' பத்திரிகைக்குள்ள சின்னப் புத்தகமா செருகி வந்தது. 1986ல் ஒரு தொகுதி, 1991ல் இன்னொண்ணு. 1992ல் புலிட்சர் சிறப்பு விருது. மூணு பக்கத்துல ஆரம்பிச்சு இருபது வருஷம்.

சொந்தமா இருந்தும் சோறு போடலை

இதோட முடிச்சா நல்லா இருக்கும். ஆனா அது பாதி உண்மைதான்.

'ஸாப்' முதல் இதழ்ல க்ரம்ப் வரைஞ்ச ஒரு பக்கம், பெரிய காலை நீட்டி நடக்கிற ஆட்கள், 'கீப் ஆன் ட்ரக்கின்'. அது டீ-ஷர்ட்ல, லாரி மட்கார்டுல, எங்க பார்த்தாலும் வந்தது, பெரும்பாலும் கேக்காமலே. வழக்குப் போட்டார். 1976ல் ஒரு நீதிபதி, காப்புரிமைக் குறிப்பு சரியா இல்லாததால படம் பொதுச்சொத்துன்னு சொல்லிட்டார். அடுத்த வருஷம் மேல்முறையீட்டுல அது மாறுச்சு. ஆனா அதுக்குள்ள எத்தனை லாரி போயிருக்கும்? உரிமை இருக்குறது வேற, அதைக் காப்பாத்துறது வேற.

'ஃபிரிட்ஸ் தி கேட்' பூனையை வெச்சு 1972ல் சினிமா வந்தது. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டது, அதிகாரப் பத்திரம் வெச்சிருந்த டேனா. படம் க்ரம்புக்குப் பிடிக்கவே இல்லை. அவர் என்ன பண்ணினார்னா, அதே வருஷம் ஒரு கதை வரைஞ்சு, பூனையைச் சினிமா ஸ்டார் ஆக்கி, கொன்னுட்டார். உரிமையாளரா அவர்கிட்ட மிச்சம் இருந்த ஒரே அதிகாரம் அதுதான் போல.

1973 ஜூன்ல, எது ஆபாசம்னு அந்தந்த ஊரோட அளவுகோலை வெச்சு முடிவு பண்ணலாம்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு சின்ன ஊர்க் கடைக்காரர் ஒரு புத்தகத்துக்காக எதுக்கு கோர்ட் ஏறணும்? ஹெட் ஷாப்கள் ஒவ்வொண்ணா காமிக்ஸை எடுக்கிறதை நிறுத்தின. தாள் விலையும் ஏறுச்சு. அலை வடிஞ்சது.

அப்போ எல்லாரும் எப்படிப் பிழைச்சாங்க? வேற வேலை பார்த்து. ஜஸ்டின் கிரீன் கடைப் பெயர்ப் பலகை எழுதுற தொழிலுக்குப் போனார். அந்தத் தொழிலைப் பத்தியே ஒரு தொழில் இதழ்ல வருஷக்கணக்கா காமிக்ஸ் வரைஞ்சார். ஸ்பீகல்மேன் பபிள்கம் கம்பெனி டாப்ஸுக்குப் பல வருஷம் ஸ்டிக்கர், அட்டைக்கு யோசனை கொடுத்தார். 'மவுஸ்' வரைஞ்ச அதே ஆள்தான் 'கார்பேஜ் பெயில் கிட்ஸ்' அட்டைகளுக்குப் பின்னாடியும். 1989ல் அங்கேயும் பழைய சண்டை: ஓவியர்களோட மூலப் படங்கள் யாருக்குச் சொந்தம்? கம்பெனி அதை ஏலம் விட்டுச்சு, அவர் உறவை முறிச்சுக்கிட்டார்.

எனக்கு ரொம்ப நெருக்கமானவர் ஹார்வி பீக்கர். கிளீவ்லாண்டுல ஒரு அரசு மருத்துவமனையில ஃபைல் எடுத்து வைக்கிற குமாஸ்தா. வரையவே தெரியாது. குச்சி மனுஷங்களைக் கிறுக்கி, மேல வசனம் எழுதி ஓவியர்கள்கிட்ட கொடுப்பார். பழைய ஜாஸ் ரெக்கார்டு சேகரிக்கிறதுல க்ரம்போட நண்பரானவர், அதனால க்ரம்பும் வரைஞ்சு கொடுத்தார். 1976ல் கைக்காசு போட்டு 'அமெரிக்கன் ஸ்பிளென்டர்' தொடங்கினார். கதை? கடையில வரிசையில நிக்கிறது, ஆபீஸ்ல ஒருத்தர் பேசினது, கார் கிளம்பாதது. புத்தகம் பேர் வாங்கி, டிவியில வந்த பிறகும் வேலையை விடலை. 2001ல் ஓய்வு பெறுற வரைக்கும் ஃபைல்தான். அவர் பக்கத்துல எது வரணும்னு முடிவு பண்ண எந்த முதலாளியும் இல்லை, ஏன்னா சோறு வேற இடத்துல இருந்து வந்தது.

மறுபடியும் பதினோராம் பக்கம்

இதையெல்லாம் படிச்சுட்டு நான் ஒண்ணும் வேலையை உதறலை. இஎம்ஐ இருக்கு. ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி ஒரு மெயில் மட்டும் போட்டேன். சொந்த நேரத்துல, சொந்தக் கருவில, உங்க தொழிலுக்குச் சம்பந்தமில்லாம நான் செய்யறதை இதுல இருந்து விலக்க முடியுமான்னு. கை கொஞ்சம் நடுங்குச்சு, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு நாள் பதில் இல்லை. மூணாவது நாள் ஒரு பக்கப் படிவம் வந்தது. ஏற்கனவே என்னிடம் உள்ள படைப்புகள்னு ஒரு பட்டியல் போடலாமாம். அது எப்பவுமே இருந்த படிவம்தான், கேக்கிறவங்களுக்குத்தான் அனுப்புவாங்களாம்.

நிரப்பினேன். ஒண்ணு, மௌனம் வெட்டுற ப்ரோக்ராம். ரெண்டு, இந்த பாட்காஸ்ட், இதுவரை வந்த எல்லா எபிசோடோடும். அந்தப் பத்தியில இருந்த 'எந்த நேரத்தில்' போகலை. இனிமே புதுசா செய்யறதுக்கு ஒவ்வொரு தடவையும் அவங்க சம்மதம் எழுத்துல வாங்கணும். முழு வெற்றி இல்லை. இந்த எபிசோடுக்கு வாங்கின சம்மதம் மெயில்ல இருக்கு, பேக்கப்பும் எடுத்தாச்சு.

உங்ககிட்ட ஒரே வேண்டுகோள். நீங்க டிசைனரோ, டெவலப்பரோ, எடிட்டரோ, உங்க ஒப்பந்தத்துல அந்தப் பத்தி எங்கே இருக்குன்னு ஒரு தடவை தேடிப் பாருங்க. புரியாட்டி தெரிஞ்ச வக்கீல்கிட்ட கேளுங்க. நான் வக்கீல் இல்லை.

சித்தப்பாவுக்கு போன் பண்ணி பிளாஸ்கோ கதையைச் சொன்னேன். "பேரை மெதுவா சொல்லு" என்றார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். மறுநாள் வாட்ஸப்ல ஒரு போட்டோ. இரும்புக்கை மாயாவி முதல் பக்கம், மேல் ஓரத்துல பால்பாயிண்ட் பேனாவுல அவர் கையெழுத்து: 'ஓவியம்: ஹெசூஸ் பிளாஸ்கோ'.

சரி மக்களே, அடுத்த வாரம் பார்க்கலாம். உங்க வீட்டுப் பரண்ல பழைய காமிக்ஸ் இருந்தா, வரைஞ்சது யாருன்னு தேடிப் பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்க.